ஒலிப்பெட்டியின் ஓம் கணக்கு

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் கம்பரைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் பேசினார்கள். அவர்கள் கற்றறிந்தவர்கள். நானோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். பயணச்சீட்டு கொடுக்கும் சாளரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து சில்லறை எண்ணுவதே என் தொழில். ஆயினும் பதினைந்து ஆண்டுகளாக நம் சங்கத்தின் மைக்செட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்துவருகிறது. அந்த ஒரு தகுதியைக் கொண்டே இன்று உங்கள் முன் நிற்கிறேன். பேச்சில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள், கிதாருக்குரிய ஆம்ப்ளிபயருக்கும் அதனோடு பூட்டும் ஸ்பீக்கர்ப் பெட்டிக்கும் இருக்க வேண்டிய பொருத்தம் என்பதாகும். நாம் ஒரு கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு பொருத்தம். அதையும் பெட்டியின் முதுகிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இது நம் சங்கத்துக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். சென்ற ஆண்டு விழாவை நினைவுபடுத்தினால் போதும் என்று எண்ணுகிறேன்.

அன்று குழந்தைகளின் நடனம் முடிந்து, நாடகமும் முடிந்து, நம் காலனி இளைஞர்களின் மெல்லிசை தொடங்கவேண்டிய நேரம். 1982-ல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் இளையராஜா இசையமைத்த 'இளைய நிலா' பாட்டை அவர்கள் ஒரு மாத காலம் பழகியிருந்தார்கள். கிதார் இல்லாவிட்டால் அந்தப் பாட்டே இல்லை என்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். திரை விலகியது. கிதார் ஒலிக்கவில்லை, கருகிய நாற்றம்தான் வந்தது. பாட்டு நின்றது. முன்வரிசையிலிருந்த குழந்தைகள் பயந்து எழுந்து ஓடின. கிதார் வாசிக்கவிருந்த தம்பி, இரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய பழைய வால்வு ஆம்ப்ளிபயர் அது. ஐம்பது வாட் சக்தி உடையது.

மறுவாரம் செயற்குழு கூடியது. திருகை அளவுக்குமீறித் திருப்பியதே காரணம் என்று எல்லோரும் ஒருமுகமாகச் சொன்னார்கள். இனி ஆண்டு விழாவில் மின்சாரக் கிதார் கூடாது என்று தீர்மானமும் ஆயிற்று. அந்தத் தம்பியின் தகப்பனார் பிட்டர் வேலை பார்ப்பவர். அவர் கூட்டம் நடந்த இடத்துக்கே வந்து, பையன் செய்த தவறுக்காகக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுப் போனார். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் பேசவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். கணக்குப் புரியாமல் குற்றம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

'ஓம்' என்றதும் நம் தாய்மார்கள் பிரணவ மந்திரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜெர்மனியில் கியோர்க் சைமன் ஓம் என்று ஒருவர் இருந்தார். கொலோன் நகரத்துப் பள்ளியில் கணக்கும் பௌதிகமும் கற்பித்த உபாத்தியாயர். மின்சார அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் தடைக்கும் உள்ள உறவை 1827-ல் அச்சிட்டு வெளியிட்டார். சொந்த நாட்டில் முதலில் அதை மதிப்பார் அதிகம் இல்லை. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. தடையின் அளவைக்குப் பின்னால் அவர் பெயரையே வைத்தார்கள்.

ஒரே திசையில் ஓடும் மின்சாரத்துக்கு ஒரு கம்பி காட்டும் தடை வேறு. பாட்டின் ஒலியைப்போல முன்னும் பின்னும் அலையும் மின்சாரத்துக்கு ஸ்பீக்கரின் சுருள் காட்டும் எதிர்ப்பு வேறு. இந்த இரண்டாவதற்கு 'இம்பீடன்ஸ்' என்று 1886-ல் பெயர் வைத்தவர் ஆலிவர் ஹெவிசைட் என்ற ஆங்கிலேயர். பதினாறு வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்; தந்தி அனுப்பும் வேலை பார்த்தவர்; எஞ்சியதெல்லாம் தாமே படித்துக்கொண்டது. அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் ஆசைதான். தமிழில் மின்னெதிர்ப்பு என்று சொல்வோம். பெட்டியின் முதுகில் 4, 8, 16 என்று ஓம் அளவில் போட்டிருப்பது இதைத்தான்.

என் சாளரத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரு கூட்டம் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த நெருக்கடிதான் வோல்ட். ஒரே சாளரம் திறந்திருந்தால் கூட்டம் ஒரு வேகத்தில் நகரும். பக்கத்தில் இன்னொரு சாளரத்தைத் திறந்துவிட்டால் நகரும் கூட்டம் இரு மடங்கு. அதாவது எதிர்ப்புப் பாதியாகிவிட்டது. இரண்டு 8 ஓம் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கமாக இணைத்தால் 4 ஓம் ஆவது இப்படித்தான். அப்படியின்றி, முதல் சாளரத்தில் சீட்டு வாங்கியவர் இரண்டாம் சாளரத்திலும் நின்று முத்திரை பெற்றே போகவேண்டும் என்று வைத்தால் எதிர்ப்பு இரட்டிக்கும். ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் 16 ஓம் ஆகும். பெட்டி கூடக் கூட ஓம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பெட்டியின் பின்புறம் இரண்டு துளைகள் இருக்குமே, ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு வயர் இழுக்க, அவை பெரும்பாலும் பக்க இணைப்பே. பெட்டி கூடினால் ஓம் குறையும்.

இனி நம் சங்கத்து மைக்செட்டைப் போன்ற டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரைப் பார்ப்போம். 4 ஓமில் 100 வாட் தரும் என்று எழுதியிருந்தால், அது 20 வோல்ட் அழுத்தத்தில் 5 ஆம்பியர் ஓட்டம் கொடுக்கிறது என்று பொருள். அதே அழுத்தத்தில் 8 ஓம் பெட்டியைப் பூட்டினால் இரண்டரை ஆம்பியர், 50 வாட். பாதி வாட் என்றதும் ஒலியும் பாதியாகிவிடும் என்று வருந்த வேண்டாம். காதுக்குச் சற்றே குறைந்தாற்போல் தோன்றும், அவ்வளவுதான். ஒலி இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே இவ்வகை ஆம்ப்ளிபயருக்கு ஓம் கூடுவதால் கேடு இல்லை. குறைந்தால்தான் ஆபத்து. 2 ஓம் பூட்டினால் 10 ஆம்பியர் கேட்கும். டிரான்சிஸ்டர்கள் சூடேறி, காப்புச் சாதனம் இருந்தால் அணைந்துபோகும், இல்லாவிட்டால் எரிந்துபோகும். ஸ்பீக்கரையே கழற்றிவிட்டாலோ இதற்கு ஒன்றும் ஆகாது. சாளரம் எல்லாம் மூடியிருக்கிறது, கூட்டம் நிற்கிறது, அவ்வளவே.

பதினைந்து ஆண்டுகள் நான் பழகியது இந்த ஒன்றோடுதான். விழா நடந்துகொண்டிருக்கும்போதே வயரைக் கழற்றுவேன், பெட்டியை இடம் மாற்றுவேன், மறுபடி பூட்டுவேன். ஒரு நாளும் ஒரு தீங்கும் நேர்ந்ததில்லை.

வால்வு ஆம்ப்ளிபயரின் தர்மம் வேறு. வால்வு என்பது நூற்றுக்கணக்கான வோல்ட் அழுத்தத்தில் மிகக் குறைந்த ஓட்டம் கொடுப்பது. ஸ்பீக்கர் வேண்டுவதோ குறைந்த அழுத்தமும் மிகுந்த ஓட்டமும். ஒன்றை மற்றொன்றாக மாற்ற நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. என் தகப்பனாரும் ரயில்வேக்காரர். மீட்டர் பாதையும் அகலப் பாதையும் சந்திக்கும் நிலையங்களில் சரக்கு மாற்றும் கொட்டகை இருந்ததைச் சொல்லுவார். இந்தப் பக்கத்துச் சிறு வண்டிகளிலிருந்து மூட்டைகளை இறக்கி, அந்தப் பக்கத்துப் பெரிய வண்டிகளில் ஏற்றுவார்களாம். டிரான்ஸ்பார்மர் அந்தக் கொட்டகைதான்.

அதன் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், மாணவர்கள் கவனிக்கலாம். வால்வுப் பக்கத்தில் 20 சுற்றுக்கு ஸ்பீக்கர்ப் பக்கத்தில் ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 20-ஐ 20-ஆல் பெருக்கினால் 400. எட்டு ஓம் ஸ்பீக்கர் வால்வின் கண்ணுக்கு 400 மடங்காக, 3200 ஓமாகத் தெரியும். அதே இடத்தில் 16 ஓம் பெட்டியை மாட்டினால் 6400. 4 ஓமை மாட்டினால் 1600. ஒவ்வொரு வால்வுக்கும் தனக்கு ஏற்ற சுமை இன்னது என்று உண்டு. அது மாறாமல் இருப்பதற்காகவே டிரான்ஸ்பார்மரின் சுருளில் 4, 8, 16 என்று மூன்று இடங்களில் முனை எடுத்து, பின்புறத்தில் ஒரு திருகு வைக்கிறார்கள். பெட்டி 16 என்றால் திருகும் 16-ல் நிற்கவேண்டும். ஒரு படி மாறினால், அதாவது 8-க்கு 16 என்று ஆனால், பெரும்பாலும் தாங்கும். வழக்கமாக்கிக்கொள்வது வால்வுக்கு நல்லதன்று. 4-க்கு 16 என்று இரண்டு படி மாறுவதை ஒருபோதும் செய்யலாகாது.

இதில் எல்லாருடைய வழக்கமும் ஒன்றாக இல்லை என்பதுதான் தொல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் லியோ பென்டர் என்று ஒருவர். கணக்கெழுதும் வேலையிலிருந்தவர், 1938-ல் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தார். கிதார் வாசிக்கத் தெரியாதவர், கிதாருக்கு ஆம்ப்ளிபயர் செய்து உலகப் புகழ் பெற்றார். 1950-களின் இறுதியில் அவர் செய்த 'பாஸ்மன்' என்னும் ஆம்ப்ளிபயரில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு, ஒவ்வொன்றும் 8 ஓம், நான்கும் பக்க இணைப்பில். ஆக 2 ஓம். லண்டனில் டிரம் வாத்தியக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962, 63-ல் அதையே முன்மாதிரியாகக் கொண்டு தம் ஆட்களைக் கொண்டு ஒன்று செய்வித்தார். அவர்கள் கட்டிய நான்கு ஸ்பீக்கர்ப் பெட்டிகளோ 16 ஓம் என்று வழங்கலாயின. 16 ஓம் ஸ்பீக்கர்கள் நான்கை எடுத்து, இரண்டிரண்டாகத் தொடர்த்தால் 32. அந்த இரண்டு ஜோடிகளையும் பக்கமாகச் சேர்த்தால் மறுபடி 16. தாய் 2 ஓம், பிள்ளை 16 ஓம்! முன்னதன் ஆம்ப்ளிபயரில் பின்னதன் பெட்டியை மாட்டினால் எட்டு மடங்கு பிழை. தோற்றத்திலோ பிளக்கிலோ ஒரு வேற்றுமையும் தெரியாது.

இப்போது அன்றைய இரவுக்கு வருகிறேன்.

நம் தம்பியின் பெட்டியில் 12 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு; தலா 8 ஓம்; தொடர் இணைப்பில் 16. திருகும் 16-ல் இருந்தது. அவன் எல்லாவற்றையும் சரியாகவே செய்திருந்தான். மாலையிலேயே பூட்டி வாசித்துப் பார்த்துவிட்டு, வால்வு சூடாக இருக்கட்டும் என்று அணைக்காமல் வைத்திருந்தான். நாடகத்தில் கடைசிக் காட்சிக்கு அரண்மனைத் தூண் வைக்க இடம் போதவில்லை. நான் போய், பெட்டியின் முதுகிலிருந்து வயரை உருவிவிட்டுப் பெட்டியை ஓரமாகத் தள்ளினேன். வயரின் மறுமுனை ஆம்ப்ளிபயரிலேயே இருந்தது. நாடகம் முடிந்ததும் தூணை எடுக்கவும், ராஜாவின் மீசையைத் தேடவும், மைக்கை நிமிர்த்தவும் ஓடினேனே தவிர, வயரை மறுபடி சொருகவில்லை.

திரைக்குப் பின்னால் தம்பி கிதாரை மீட்டினான். ஒலி இல்லை. "மாமா, சத்தமே வரவில்லையே!" என்றான். "திருகைக் கொஞ்சம் திருப்பிப் பார், தம்பி" என்றேன். ஆம், நான்தான் சொன்னேன். அவன் திருப்பினான். இன்னும் திருப்பினான். பெட்டி பேசவில்லை, ஆனால் ஆம்ப்ளிபயருக்குள்ளிருந்து வண்டு ரீங்காரம் செய்வதுபோல் ஒரு மெல்லிய ஓசை, அவன் மீட்டிய அதே சுரத்தில், எனக்குக் கேட்டது. டிரான்ஸ்பார்மரின் இரும்புத் தகடுகளே அப்படிப் பாடும் என்பது அன்று எனக்குத் தெரியாது. கொட்டகையின் ஒரு பக்கத்தில் வண்டிவண்டியாக மூட்டைகள் வந்து இறங்குகின்றன. மறுபக்கத்தில் ஏற்றிச்செல்ல ஒரு வண்டியும் இல்லை. என்ன ஆகும்? வால்வுப் பக்கத்தில் அழுத்தம் பலமடங்கு எகிறி, சுருளின் மேற்பூச்சைத் துளைத்துவிட்டது. திரை விலகியபோது உங்களுக்கு வந்த நாற்றம் அதுதான்.

சில வால்வு ஆம்ப்ளிபயர்களில் பிளக்கை உருவியதும் துளையே தன் இரு முனைகளையும் சேர்த்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். வால்வுக்கு அது வெறும் முனையைவிட மேல். டிரான்சிஸ்டருக்கு நேர் எதிரான நியதி என்பதைக் கவனியுங்கள். ஆனால் நான் உருவியது பெட்டிப் பக்கத்து முனையை. ஆம்ப்ளிபயரின் துளையில் பிளக் அப்படியே இருந்ததால், அத்தகைய அமைப்பு இருந்திருந்தாலும் பயன்பட்டிராது.

இதை நான் அறிந்துகொண்டது இரண்டு மாதம் கழித்து. கருகிய ஆம்ப்ளிபயரைத் தம்பியும் நானும் சீதாபல்டிக் கடைத்தெருவுக்குப் பின்னால் ரேடியோ பழுது பார்க்கும் ஒரு மராத்தியப் பெரியவரிடம் கொண்டுபோனோம். அவர் திறந்து பார்த்தார், முகர்ந்து பார்த்தார், "ஸ்பீக்கர் இல்லாமல் இதை ஓட்டியது யார்?" என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். அவனுக்கு அன்றே தெரிந்திருக்கிறது, அன்பர்களே. பெட்டியில் வயர் இல்லாததை அவன் அன்றிரவே கண்டிருக்கிறான். ஏன் செயற்குழுவில் சொல்லவில்லை என்று திரும்பி வரும்போது கேட்டேன். "நீங்கள் சொல்வீர்கள் என்று இருந்தேன், மாமா" என்றான்.

புதிய டிரான்ஸ்பார்மர் சுற்றவும் இரண்டு வால்வு மாற்றவும் ஆன செலவை நான் இரண்டு மாதச் சம்பளத்தில் கொடுத்துத் தீர்த்துவிட்டேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சங்க நிதியிலிருந்து எடுத்ததாக ஒரு பேச்சு உலவுவதால் சொல்கிறேன்.

இளைஞர்கள் இரண்டொரு சந்தேகங்களை முன்னமே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 8 ஓம் பெட்டி 6 என்று காட்டுகிறதே, பழுதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பழுதன்று. மீட்டர் ஒரே திசை மின்சாரத்தால் சுருளின் கம்பியை மட்டும் அளக்கிறது. பாட்டு ஓடும்போது எதிர்ப்பு ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொன்றாக இருக்கும். சில தாழ்ந்த சுரங்களில் பல மடங்கு ஏறும். 8 என்பது பெயரளவு. ஆகவே 6 கண்டால் 8 என்றும், 12 அல்லது 13 கண்டால் 16 என்றும், 3-க்குச் சற்று மேல் கண்டால் 4 என்றும் கொள்ளலாம். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருளோ வயரோ அறுந்திருக்கிறது; அதனோடு வால்வு ஆம்ப்ளிபயரைப் பூட்டவே கூடாது.

தம்பியின் 16 ஓம் பெட்டியோடு சங்கத்தின் 8 ஓம் பெட்டி ஒன்றையும் சேர்த்தால் பின்வரிசைக்கு நன்றாகக் கேட்குமே என்பது இன்னொரு கேள்வி. சேர்க்கலாம். 16-ஐயும் 8-ஐயும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஐந்தே காலுக்குச் சற்று மேல் வரும். திருகை 4-ல் வைக்கவேண்டும். ஆனால் இரண்டு பெட்டிக்கும் பங்கு சமமாகப் போகாது. எதிர்ப்புக் குறைந்த 8 ஓம் பெட்டி மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும். ஐம்பது வாட்டில் முப்பத்துமூன்று. சங்கத்துப் பெட்டி அதைத் தாங்குமா என்று அதன் வாட் கணக்கையும் பார்த்த பிறகே துணிய வேண்டும்.

கிதாரிலிருந்து ஆம்ப்ளிபயருக்கு வரும் வயரையும், ஆம்ப்ளிபயரிலிருந்து பெட்டிக்குப் போகும் வயரையும் மாற்றிப் போடாதீர்கள். இரண்டின் பிளக்கும் ஒரே அளவு, கால் அங்குலம். முன்னது வலைபோட்டு மூடிய மெல்லிய கம்பி. பெட்டிக்குப் போகும் ஓட்டத்துக்கு அது ஆகாது. பின்னது தடித்த இரட்டைக் கம்பி. பெட்டி வயர்கள் எல்லாவற்றிலும் நான் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன். நம் நிலையத்துப் பிளாட்பாரத்து ஸ்பீக்கர்கள் எத்தனையோ இருக்கின்றனவே, அங்கே ஓம் பார்ப்பதில்லையா என்றும் கேட்கிறார்கள். அத்தகைய இடங்களில் 100 வோல்ட் என்று ஒரு முறை உண்டு. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி டிரான்ஸ்பார்மர் வைத்து வாட்டைக் கூட்டிப் பார்ப்பார்கள். அது தனிக் கதை, கிதாருக்கு ஆகாது.

தலைவர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். சென்ற ஆண்டுத் தீர்மானப் புத்தகத்தில் காரணம் என்று எழுதியிருக்கும் இடத்தில் அந்தத் தம்பியின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதவேண்டும். மின்சாரக் கிதார் கூடாது என்ற தீர்மானத்தையும் மறுபரிசீலனை செய்யவேண்டும். அவன் தகப்பனாரிடம் நான் நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் என்னைக் காபி குடிக்காமல் விடவில்லை.

ஆம்ப்ளிபயர் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. என் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் வைத்து 16 ஓம் பெட்டியோடு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். அது முழு வேகத்தில் சற்றுப் பிசிறி ஒலிப்பதுதான் இனிமை என்கிறார்கள் இளைஞர்கள். எனக்குத் தகரம் அறுப்பதுபோல் இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாளும் என் கட்சிதான். செயற்குழு அனுமதித்தால் விழாவன்று மேடைப் பொறுப்பை இப்படிப் பிரித்துக்கொள்வதாக ஏற்பாடு: ஆம்ப்ளிபயரை அணைத்துவிட்டேன் என்று தம்பி வாய்விட்டுச் சொல்லவேண்டும், அதைக் கேட்ட பிறகே நான் வயரைத் தொடுவேன். மறுபடி வயரைச் சொருகி நான் குரல் கொடுத்த பிறகே அவன் போடுவான். நாடகக்காரர்கள் தூணை எங்கே வைப்பது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்லது.